கட்டைவிரல் வைக்கக் கூடாது

மாணவியர் விடுதி, கும்மிடிப்பூண்டி
5.7.2025, சனி

அன்புள்ள நைனாவுக்கு,

உன் மக நந்தினி எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். இதைப் படிச்சு முடிச்ச பெறகும் நீ நல்லா இருக்கணும்னு எல்லம்மாவை வேண்டிகினுதான் எழுதுறேன். விடுதியில போன் கூடாது. வார்டன் போன்ல பேசலாம்னா பின்னாடி பதினாலு பேரு காதைத் தீட்டிகினு நிக்கிறாங்க. அதுவும் இல்லாம நேர்ல சொன்னா நீ கத்துவ. காகிதத்துல கத்த முடியாது பாரு.

நைனா, நான் கம்ப்யூட்டர் குரூப்புல இல்ல. பள்ளிக்கூடம் திறந்ததுல இருந்து நர்சிங் குரூப்புலதான் படிக்கிறேன். அண்ணன்தான் வந்து சேர்த்துச்சு. அதைத் திட்டாதே, நான்தான் அழுது அடம் பிடிச்சேன்.

போன வாரம் டீச்சர் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனாங்க, சும்மா பாத்துட்டு வர. ஆளுக்கு ஒரு நோயாளிக்கு நாடி பார்க்கச் சொன்னாங்க. எனக்கு ஒரு லாரி டிரைவர். எளாவூர் செக்போஸ்ட்டாண்ட வண்டியை நிறுத்திட்டு வயித்துவலின்னு வந்து படுத்தவரு. மணிக்கட்டுல கட்டைவிரலை வச்சு ஒரு நிமிஷம் எண்ணி, நூத்திப்பத்துன்னு எழுதிட்டேன். சிஸ்டர் பதறிப்போய் வந்து பார்த்தா எழுபத்திரண்டு. கட்டைவிரலுக்குள்ளயே ஒரு நாடி துடிக்குமாம் நைனா. நான் எண்ணினது என்னோடதை. அதனால மத்த விரலுங்களை வச்சுத்தான் பார்க்கணுமாம். "உனக்குத்தாம்மா பெட் குடுக்கணும்"னு டிரைவர் அண்ணன் சிரிச்சாரு. வெட்கமாப் போச்சு. ஆனாலும் அங்க இருந்து கிளம்பவே மனசு வரல.

இனிமே வாரத்துல ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில பயிற்சி. அதுக்கு அப்பா சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்ட காகிதம் வேணும். இதோட வச்சிருக்கேன். 21ஆம் தேதிக்குள்ள தரலன்னா வேற குரூப்புக்கு மாத்திடுவாங்க. இந்தக் கடுதாசியை அண்ணன்கிட்டதான் குடுத்தனுப்புறேன். கையெழுத்து போட்டு, நாளைக்கு அது திரும்பி வர்றப்போ குடுத்தனுப்பு நைனா.

உன் அன்பு மகள்
நந்தினி

அம்மாவைக் கருவாட்டுத் தொக்கு அனுப்பச் சொல்லு. விடுதிச் சாம்பாரு தொண்டையில இறங்கல.


பழவேற்காடு
6.7.2025, ஞாயிறு

நந்தினிக்கு,

அன்புராஜை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். அண்ணனும் தங்கச்சியுமா சேந்துகினு எனக்கே பட்டை நாமம் போட்டுட்டீங்க. காகிதத்துல கத்த முடியாதுன்னு எழுதியிருக்க. நான் கத்தினதுல பக்கத்து ஊட்டுக்காரன் எட்டிப் பார்த்துட்டுப் போனான்.

நர்ஸ் வேலை வேணாம். ஏன்னு கேப்ப. வெக்கத்தை உட்டுச் சொல்றேன். ரெண்டு வருசத்துக்கு முன்ன ஏரியில மீன் புடிக்கறப்போ திருக்கை முள்ளு குத்தி, காலு புரை வச்சு, பதினெட்டு நாளு பெரிய ஆஸ்பத்திரியில கெடந்தேனே. கட்டு மாத்த வந்த நர்ஸம்மா பேரு ஜெபா. அந்தம்மா ஒட்டிகினு இருந்த துணியைப் பிச்சப்போ வலி தாங்காம வாயில வந்ததெல்லாம் பேசினேன். பக்கத்துல இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து எறிஞ்சேன். நெத்தியில பட்டுச்சு. இதை உங்கம்மாகிட்டகூட நான் சொல்லல.

நாளைக்கு என்னை மாதிரி ஒருத்தன் உன்மேல எறிவான். அதைத் தாங்கிக்கவா உன்னைப் பெத்தேன்? கையெழுத்து போடமாட்டேன். கம்ப்யூட்டருக்கே போ. காகிதத்தை நானே வச்சிகினு இருக்கேன்.

தொக்கு அனுப்பியிருக்கு. நல்லா சாப்பிடு.

இப்படிக்கு
அப்பா, கலியன்


கும்மிடிப்பூண்டி
12.7.2025, சனி

அன்புள்ள நைனாவுக்கு,

டம்ளர் விஷயம் எனக்குத் தெரியும். அன்னிக்கு உனக்குக் கஞ்சி எடுத்துகினு வந்தேன். வார்டு வாசல்ல நின்னு எல்லாத்தையும் பார்த்தேன். உனக்கு அசிங்கமா இருக்கும்னு இத்தினி நாள் வாயைத் திறக்கல.

ஆனா நீ முழுசாப் பார்க்கல நைனா. ஜெபா சிஸ்டர் வெளிய வந்து குழாயாண்ட நின்னு அழுதாங்க. நெத்தி வீங்கியிருந்துச்சு. இனிமே உனக்கு யாருமே வைத்தியம் பண்ண மாட்டாங்களோன்னு பயந்து, கஞ்சித் தூக்கோட அவங்ககிட்ட ஓடினேன். அவங்க மூஞ்சியைக் கழுவித் துடைச்சுகினு, "உங்க அப்பாவா? கட்டு பாதியில நிக்குது, முடிச்சிட்டு வரேன் இரு"ன்னு சொல்லிட்டு உள்ள போனாங்க. நீ சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துகினு இருந்த. அவங்க முடிச்சிட்டுத்தான் வந்தாங்க. இன்னிக்கு உன் காலு ஏரியில ஊனி நிக்குதே, அது அந்தக் கட்டாலதான்.

அப்போ நான் ஒம்பதாவது. அன்னிக்கே நர்ஸ் ஆகணும்னு நினைச்சிட்டேன்.

என்மேலயும் எறிவாங்க, தெரியும். அழுவேன். அப்புறம் மூஞ்சியைக் கழுவிகினு போவேன். உன்மேல எனக்குக் கோவமே இல்ல நைனா. அன்னிக்கு உனக்கு எவ்ளோ வலின்னும் நான் பார்த்தேன்.

உன் மகள்
நந்தினி


கும்மிடிப்பூண்டி
19.7.2025, சனி

நைனா,

போன ஞாயிறும் அண்ணன் தொக்கோட வந்துச்சு, ஆனா கடுதாசி இல்ல. கேட்டதுக்கு, நைனா இன்னிக்கு ஏரிக்குக்கூடப் போவலன்னு சொல்லுச்சு. திங்கக்கெழமை 21ஆம் தேதி. டீச்சர் ரெண்டு வாட்டி கேட்டுட்டாங்க. அண்ணன் வேற காகிதம் வாங்கி, உன் கையெழுத்தைத் தானே போட்டுத் தரேன்னுது. வேணாம்னுட்டேன். உன்னை ஒரு வாட்டி ஏமாத்தினது போதும். நீ போடலன்னா நான் குரூப்பு மாறிக்கிறேன்.

நந்தினி


பழவேற்காடு
20.7.2025, ஞாயிறு

என் நந்தினி கண்ணுக்கு,

உன் கடுதாசியை மூணு வாட்டி படிச்சேன். நீ வாசல்ல நின்னதை நினைச்சு நினைச்சு நாலு நாளு ஏரிக்கே போவல. வியாழக்கெழமைதான் போனேன். மடவை நல்லா பட்டுச்சு. ரெண்டு கிலோ எடுத்துகினு நேரா அந்த ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிட்டேன்.

ஜெபா சிஸ்டர் அதே வார்டுலதான் இருக்காங்க. மொதல்ல நெத்தியைத்தான் பார்த்தேன். தழும்பு இல்ல. அம்மா, ரெண்டு வருசத்துக்கு முன்ன டம்ளர எறிஞ்சது நான்தான், மன்னிச்சிடுங்கன்னு கும்பிட்டேன். அவங்க, "எத்தினியோ பேரு எறிஞ்சிருக்காங்க. நீங்க எந்த டம்ளருங்க?"ன்னு கேட்டாங்க. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு. திருக்கை முள்ளுன்னதும்தான் அவங்களுக்கு ஞாபகம் வந்துச்சு. உடனே காலைக் காட்டச் சொல்லி, குனிஞ்சு அமுக்கிப் பார்த்தாங்க. நல்லா ஆறியிருக்குன்னு அவங்களுக்கு அவ்ளோ சந்தோசம்.

எம்பொண்ணு உங்களைப் பார்த்துட்டு இந்த வேலைக்கு வரேன்னுது, உடட்டுமான்னு கேட்டேன். "உடுங்க, இங்க ஆளு பத்தல"ன்னுட்டு, யாரோ கூப்பிட்டாங்கன்னு போய்ட்டாங்க. மீனை அங்க இருந்த ஆயாம்மாகிட்ட குடுத்துட்டு வந்தேன்.

காகிதத்துல கையெழுத்து போட்டிருக்கேன். மேல எண்ணெய்க் கறை இருக்கு, டீச்சர் ஒண்ணும் சொல்லமாட்டாங்களே? உன்மேல எவனாவது எறிஞ்சா எனக்கு எழுது. சண்டைக்கு வரமாட்டேன். அவனாண்ட உக்காந்து என் கதையைச் சொல்லிட்டு வரேன்.

நேத்து உங்கம்மா கையைப் புடிச்சு நாடி பார்த்தேன். கல்யாணம் ஆகி இருவத்திரண்டு வருசத்துல இப்பத்தான் கையைப் புடிக்கத் தோணுச்சான்னு கேட்டா. பேசாதே, எண்ணிக்கை தப்பிப்போவும்னு அதட்டினேன். கட்டைவிரலை வைக்கல. எழுபத்தெட்டு வந்துச்சு. சரியான்னு எழுது.

உன் நைனா
கலியன்