மீன் மணக்கும் உருத்திராக்கம்

மச்சாள்,

இன்று காலை கல்முனைச் சந்தையில் பாரைக்குச் செதில் உரசும்போது ஒன்று தெறித்து, என் கழுத்தில் கிடக்கும் உன் உருத்திராக்க மாலையில் இரண்டு மணிகளுக்கு நடுவே ஒட்டிக்கொண்டது. நகத்தால் கிண்டி எடுத்துவிட்டுக் கயிற்றை முகர்ந்து பார்த்தேன். மீன்தான் மணந்தது. உன் மணமும் அதுதானே. வெள்ளிக்கிழமை கோயிலில் நடந்ததை உனக்குச் சொல்லாமல் இனி வேலை ஓடாது என்று தோன்றியது.

உருத்திராக்கம் போட்டவர்கள் மீனைத் தொடக்கூடாதாம். நம் ஊர் பாண்டிருப்பில் இதை உனக்குச் சொல்லாதவர் யார்? சந்தைக்கு வரும்போது கழற்றி வை, பின்னேரம் முழுகிவிட்டுப் போடு என்று எத்தனை பேர் புத்தி சொன்னார்கள்! நீ கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னாய்:

"முழுகிட்டு வீட்டில இரிக்கக்குள்ள எனக்கு இது எதுக்குக் கா? தராசில கை வைக்கக்குள்ள நெஞ்சில முட்டும். களவு செய்ய விடாது. இஞ்சதான் எனக்கு இது வேணும்."

தோணி பிந்தும் நாட்களில் மணலில் குந்தியிருந்து மணிகளை உருட்டி 'சிவாய நம' சொல்லுவாய். பக்கத்தில் மீன் வாங்க வந்த மருதமுனை முஸ்லிம் காக்கா தன் செபமணி மாலையை, தஸ்பீஹை, உருட்டுவார். இரண்டு பேர் வாயிலும் வேறு சத்தம் இராது. தோணி கரை தட்டியதும் ஏலத்தில் நீங்கள் இருவரும் பிடிக்கிற சண்டையைக் கடல்தான் தாங்க வேண்டும்.

வயிற்றுக் கட்டிக்குச் சத்திர சிகிச்சை செய்ய உன்னைக் கொண்டுபோகும்போது தாதி கழற்றச் சொன்னாள். அன்றுதான் கழற்றினாய். என் கையில் வைத்து, "வந்தாத் தா. வராட்டி நீ போடு. பெட்டிக்குள்ள வெச்சிராத" என்றாய்.

நீ வரவில்லை. செத்த வீட்டிலேயே கதை தொடங்கிவிட்டது. மீன் கையோடு உருத்திராக்கத்தைத் தொட்ட குற்றம்தான் உனக்கு நோயாக வந்ததாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயிற்றில் கட்டி வந்தவர்கள் எல்லாரும் மீன் வெட்டினவர்களா? அந்தக் கதை வாய் மாறி வாய் மாறி உன் பெயரோடு ஒட்டிவிடக்கூடாது என்றுதான் மாலையைச் சட்டைக்கு வெளியே தெரியும்படி போட்டேன்.

வெள்ளிக்கிழமை வண்ணக்கர் கோயில் வாசலில் என்னை மறித்தார். கோயிலை நடத்துகிறவர் அல்லவா, நாலு பேருக்குக் கேட்கும்படியே சொன்னார். அவளுக்கு நடந்ததைக் கண்ட பிறகும் உனக்குப் புத்தி வரவில்லையா, கழற்றி வைத்துவிட்டு உள்ளே போ என்றார்.  நான் மாலையைக் கையில் பிடித்தபடி கேட்டேன்:

"போன கிழமை உங்கட வீட்டுக்கு அறுக்குளா மீன் வெட்டித் தரக்குள்ளயும் இது என்ட கழுத்திலதான் கிடந்த. நிறை சரியா இருந்ததா, இல்லையா?"

 பின்னால் நின்ற ஒரு பெண்தான், "ஓம், அவள்ட நிறை எப்பயும் சரிதான்" என்றாள். என்னைச் சொன்னாளோ உன்னைச் சொன்னாளோ தெரியாது. வண்ணக்கர் வாசலை விட்டு ஒதுங்கினார். நான் உள்ளே போய், நீ வழமையாக நிற்கும் தூணுக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். ஐயர் திருநீறு தந்தார்.

உன் நூல் கயிறு உப்பில் இற்றுப்போய்விட்டது, மச்சாள். இன்று பின்னேரம் மணிகளை நைலோனில் கோக்கப் போகிறேன், வலைக்குப் போடுகிற அதே நைலோனில். இனி அது தானாக அறாது. அறுக்க வேண்டுமென்றால் கத்தியோடுதான் வர வேண்டும். கத்தி என் கையிலும் இருக்கிறது.