பெட்டியும் முதலெழுத்தும்

18.10.2005 செவ்வாய்

வெயில். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது, பிறகு மனம் மாறிப் போய்விட்டது.

காலையிலேயே மானம் போனது. வகுப்பில் பதினைந்து பிள்ளைகள். நான் மேசைக்கு அடியில் கேபிள் இழுத்தபடி; பின்பக்கம் மட்டும் வெளியே. எழும்பும்போது தலை மேசையில் இடித்தது. இடித்த வேகத்தில் வாய் திறந்துவிட்டது: "பிள்ளை, அந்தக் குறட்டை எடுத்துத் தா!"

பின்வாங்கில் ஒருத்தி: "மணியண்ணை குறட்டை கேக்கிறார், ஆராவது விடுங்கோவன்." நான் கேட்டது கம்பி வெட்டுகிற குறடு. எல்லோரும் சிரிப்பு. தேன்மொழி மட்டும் சிரிக்கவில்லை. "மிஸ், தாங்கோ" என்று கேட்டிருக்க வேண்டும். அதுதான் எங்கள் ஒப்பந்தம்.

தேன்மொழி மிஸ் என் மகள். கிளிநொச்சி முழுக்கத் தெரியும், கொழும்புத் தலைமையகத்துக்கு மட்டும் தெரியாது. ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் இந்தக் கொம்பியூட்டர் பயிற்சி நிலையத்தில் வேலை செய்யக் கூடாது என்று அங்கே ஒரு சுற்றறிக்கை. வெள்ளிக்கிழமை அங்கிருந்து ஒரு அதிகாரி சேர் வருகிறார், அவளை நிரந்தரமாக்குவதா இல்லையா என்று பார்க்க. நான் நாட்சம்பளத்து வயரிங் ஆள். என்னை நிற்பாட்டினால் வேறு கூரையில் ஏறுவேன். அவளுக்கு அப்படியில்லை.

கடதாசியில் நான் செல்வமாணிக்கம். வாய்ப்பேச்சில் மணியண்ணை. "செ. தேன்மொழி"யில் அந்த "செ." நான்தான். ஒற்றை எழுத்துக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வயிற்றை மறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

வேலை: கொழும்பிலிருந்து வந்த பெட்டி. வயர் இல்லாமல் நெற் கொடுக்குமாம். முற்றத்துக்கு அப்பால் புதுக் கொட்டில், அதற்குள் மூன்று லப்ரொப். அங்கே நெற் போனால் இரண்டாவது வகுப்பு. இரண்டாவது வகுப்பு வந்தால்தான் தே.க்கு நிரந்தரம். முற்றத்தைத் தோண்டிக் கேபிள் புதைக்க ஏலாது. கண்ணிவெடி எடுக்கிறவர்கள் இன்னும் சரி சொல்லவில்லை. மேலால் விட்ட கேபிளைக் குரங்குகள் இரண்டு தரம் அறுத்தன.

பெட்டிக்குள் இருந்தவை:
பெட்டி 1
கொம்பு 2, ரேடியோவுக்கு இருக்கிறது போல
கறண்ட் அடப்ரர் 1
நீலக் கேபிள் 1
புத்தகம் 1, முழுக்க இங்கிலிசு. படம் பார்த்தேன். பெட்டியைச் சுற்றி நின்று ஒரு குடும்பம் சிரிக்கிறது. சிரிப்பினம்தானே, அவைக்கு என்ன.

19.10 புதன்

புழுக்கம். ஜெனரேற்றர் 9–12, 2–4. அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

எல்லாக் கேபிளும் வந்து சேர்கிற நெற் சுவிச்சிலிருந்து பெட்டிக்கு நீலக் கேபிள். பச்சை விளக்கு மூன்று. மேசையில் வைத்துப் பார்க்க, லப்ரொப் பிடித்தது. சந்தோசம். பெட்டியை அதற்கென்று பார்த்து வைத்திருந்த இடத்தில் பொருத்திவிட்டுக் கொட்டிலுக்குப் போனேன். ஒன்றும் இல்லை.

பிறகு செய்தவை:
கொம்பை நிமிர்த்தினேன்.
கொம்பைச் சாய்த்தேன்.
கேபிளைக் கழற்றி ஊதிப் போட்டேன்.
சரஸ்வதி பூசைக்கு வைத்த சந்தனம் மொனிற்றர்களில் இன்னும் இருக்கிறது. இதற்கு வைக்கவில்லையே என்று வைத்தேன்.
ஒன்றும் இல்லை.

தே. வந்தாள். பிள்ளைகள் பக்கத்தில் நின்றதால் முறைப்படி:

"மணியண்ணை, பெட்டியை எங்க வைச்சனீங்கள்?"

"பத்திரமா இருக்கு, மிஸ். அலுமாரிக்குள்ள."

"எந்த அலுமாரி?"

"இரும்பு அலுமாரிதான். பூட்டி, திறப்பு என்னட்டை. ஒரு குஞ்சும் தொடேலாது."

இடுப்பில் கை வைத்து நின்றாள். தாயும் இப்படித்தான் நிற்பாள், பிறகுதான் தொடங்குவாள்.

"வயர்லஸ் வெளியில போகத்தானே வாங்கினது. அதை இரும்புக்குள்ள வைச்சுப் பூட்டின ஆள் உலகத்திலயே நீங்கள் ஒராள்தான்."

கேபிள் போக அலுமாரியின் பின்தகட்டில் அளவாக ஓட்டை போட்டு, விளிம்பு அறுக்காமல் சைக்கிள் ரியூப் வெட்டிச் சுற்றியிருந்தேன். என்ன அருமையான வேலை. அதைத் திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் மனமில்லை.

ஏணி வைத்து, முற்றத்துப் பக்க யன்னலுக்கு மேல் பெட்டியை அடித்தேன். கொட்டிலில் சிக்னல் ஐந்து கோட்டில் மூன்று. போதும்.

வீட்டில் மனிசி: "இஞ்சாருங்கோ, பகலில மகளிட்ட ஏச்சு, பின்னேரம் என்னட்ட ஏச்சு. இடையில எப்ப சாப்பிடுறியள்?"

20.10 வியாழன்

மழை. இந்த வருடத்து முதல் பெரிய மழை. நேரம் பார்த்து வந்திருக்கிறது.

கொட்டிலில் வயர் இல்லாதது நன்றாக ஓடுகிறது. பெரிய வகுப்பில் வயர் உள்ளது செத்துப்போனது. பத்துக் கொம்பியூட்டரிலும் மாறி மாறித் திரையில் ஒரு சின்னப் பெட்டி எழும்புகிறது, இங்கிலிசில் ஏதோ முறைப்பாடு. "மிஸ், என்ரயில போட்டுது!" "மிஸ், என்ரயிலயும்!" நாளைக்குச் சேர் வருகிறார்.

சந்தேகப்பட்டவை, ஒழுங்காக: மழை. ஜெனரேற்றர். குரங்கு. சந்தனம்.

நான்கு கேபிளின் தலையை வெட்டிப் புதுத் தலை போட்டேன். உள்ளே எட்டுக் கம்பியின் ஒழுங்கு: வெள்ளைச்செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைமண்ணிறம், மண்ணிறம். தேவாரம்கூட எனக்கு இவ்வளவு பாடமில்லை. முழுவதும் வீண்வேலை. கேபிள்களில் ஒரு பிழையும் இல்லையாம்.

பன்னிரண்டுக்கு ஜெனரேற்றர் நின்றது. நிலையத்துக் குசினியில் நாங்கள் இருவர் மட்டும், ஆகவே அப்பாவும் பிள்ளையும். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள், வாயில் வைக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"அப்பா, ஒவ்வொரு கொம்பியூட்டருக்கும் ஒரு நம்பர் வேணும். அதை மூலையில இருக்கிற பெரிய மிசின்தான் குடுக்கிறது. இப்ப உங்கட பெட்டியும் நம்பர் குடுக்குது போல."

"ரெண்டு பேரும் ஒரே நம்பரையோ?"

"ஓம். அதுதான் அடிபடுதுகள்."

அந்த இடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. "இடம்பெயர்ந்து போன நேரம் மல்லாவியில நிவாரணம் குடுக்கேக்க ரெண்டு மேசையில இருந்து நம்பர் துண்டு குடுத்தாங்கள், ஞாபகமே? எனக்கும் நாப்பத்திமூண்டு, ஜெயபுரத்தானுக்கும் நாப்பத்திமூண்டு. மாப்பையை நான் இழுக்க, அவன் இழுக்க, பை கிழிஞ்சுது. நீ பக்கத்தில நிண்டு அழுதனீ."

"அழேல்லை. சிரிச்சனான். உங்கட மீசை முழுக்க மா."

ஒன்பது வருடமாக அழுதாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப ஒரு மேசையை மூடு," என்றேன்.

இரண்டு மணிக்கு ஜெனரேற்றர் வந்தவுடன் கொம்பியூட்டரில் பெட்டியின் பக்கத்தைத் திறந்து ஒரே ஒரு சரி அடையாளத்தை எடுத்துவிட்டாள். பெட்டி இனி நம்பர் கொடுக்காது. பெரிய மிசின் கொடுப்பதை வாங்கி அப்படியே கொட்டிலுக்குக் கடத்தும். பத்தையும் நிற்பாட்டி எழுப்பினோம். 2.40க்கு எல்லாம் சரி. எனக்கு இரண்டு நாள். அவளுக்கு ஒரு சரி அடையாளம்.

"அப்பா, இதுக்கு ஒரு பேர் வைக்க வேணும். லப்ரொப்பில அந்தப் பேர்தான் காட்டும்."

"உன்ர பேரை வை."

"விசரே உங்களுக்கு? நான் பாத்து வைக்கிறன். நீங்கள் ஏணியைக் கொண்டு போய் வையுங்கோ."

21.10 வெள்ளி

மழை விட்டது. முற்றம் சேறு. கொட்டில் வரை பலகை போட்டேன்.

பஸ் ஏறமுன் தே. சொன்னது: "அப்பா, இண்டைக்கு வாயே திறக்கக் கூடாது." மனிசி: "அதெண்டால் நடக்காது."

சேர் 10.20க்கு வந்தார். வெள்ளைச் சேட், நல்ல சப்பாத்து, பலகையில் வழுக்கவில்லை. நான் கொட்டில் மூலையில் ஏணியைப் பிடித்தபடி. ஏணி கையில் இருந்தால் ஏன் நிற்கிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை.

சேர் தன்னுடைய லப்ரொப்பைத் திறந்தார். "இதில 'மணி' எண்டு ஒண்டு காட்டுது. அதுவோ?"

ஏணியை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"ஓம் சேர்," என்றாள்.

"ஆர் மணி?"

குறட்டைக்காரிதான்: "அந்தா சேர், ஏணியோட நிக்கிறார்!"

சேர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வேலை செய்த ஆளின்ர பேரை வைச்சிருக்கிறியள். நல்ல பழக்கம்." நான் தலையை ஆட்டினேன். வாய் திறக்கவில்லை.

நெற் நன்றாக ஓடியது. சேர் பைலைத் திறந்தார்.

"செ. தேன்மொழி. செ. எண்டால்?"

"அப்பாவின்ர பேர் சேர். செல்வமாணிக்கம்."

"என்ன செய்யிறார்?"

"கறண்ட் வேலை."

"எங்க?"

"கிட்டத்தான், சேர்."

பிள்ளைகள் எல்லோரும் கொட்டிலுக்குள்தான். பதினைந்து பேருக்கும் தெரியும். குறட்டைக்காரி தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு ரொபி வாங்கிக் கொடுக்க வேண்டும்.

சேர் எழுதினார். பைலை மூடினார். இரண்டாவது வகுப்பை அடுத்த மாதம் தொடங்கலாமாம். நிரந்தரக் கடிதம் வருமாம். எழும்பும்போது அவளைப் பார்த்து, "போய் முதல் வேலையா அப்பாவுக்குச் சொல்லுங்கோ, பிள்ளை," என்றார்.

அவளுக்கும் என் ஏணிக்கும் இடையில் நாலு முழம்கூட இல்லை.

"கேட்டிட்டன் பிள்ளை" என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.