அப்பா பின் சீட்டில் வந்த நாற்பது மைல்

அன்பு மரெனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எங்கள் இருவருக்கும் மூக்குத் தோல் உரிந்திருக்கிறது, எனக்கு வலது முழங்கையில் ஒரு சிராய்ப்பு, மற்றபடி நல்ல பசியோடும் நல்ல தூக்கத்தோடும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை ரங்கியும் அங்கே அதேபோல் இருக்க வேண்டும். கிறைஸ்ட்சர்ச்சில் இன்னும் குளிர் விட்டிருக்காது, இரவு டியூட்டி முடிந்து வரும்போது காதை மூடிக்கொண்டு வா. நேற்று மதியம் மூன்றேகால் மணிக்கு எங்கள் பயணம் முடிந்தது. கனடா எல்லையில் இருவர் மிதிக்கும் நம் சைக்கிளில் கிளம்பி நாற்பத்து மூன்று நாள், ஆயிரத்து எண்ணூறு மைலுக்கு மேல், கடலை வலது கைப்பக்கமே வைத்துக்கொண்டு மெக்சிகோ எல்லை வரை வந்து சேர்ந்துவிட்டோம். இப்போது உன் தம்பி கர்ட் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவன் வேலைக்குப் போய்விட்டான். அப்பா பின்பக்கம் கூடாரத்தை வெயிலில் விரித்துப்போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே நாற்காலியில் தூங்குகிறார். போனில் சொன்னால் பாதியிலேயே நீ திட்ட ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். முழுக்கப் படி, அப்புறம் திட்டு.

பிக் சர் மலைச்சாலையைத் தாண்டிய நாளிலிருந்தே அப்பாவின் இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போயிருந்தன. விரல் மரத்தால் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும் என்று கிளம்புவதற்கு முன் எங்களிடம் நீ வாக்கு வாங்கியிருந்தாய். நர்ஸாக இருக்கும் மகளிடம் பொய் சொல்வது சுலபமில்லை, ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் நீ கேட்டபோது ஒன்றுமில்லை என்று சொன்னது நான்தான், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டினார். கையுறையை மாற்றிப் பார்த்தார், ஹேண்டில்பாரில் பஞ்சுத் துணி சுற்றிப் பார்த்தார், கேட்டால் பரவாயில்லை என்பார். முந்தாநாள் சாயங்காலம் சைக்கிள்காரர்களுக்கென்று ஒதுக்கியிருக்கும் முகாமுக்குப் போகும் இறக்கத்தில் இடது பிரேக்கை அவரால் அழுத்தவே முடியவில்லை. வலது பிரேக் ஒன்றை வைத்தே இழுத்துப் பிடித்து, அலைச்சறுக்குப் பலகை ஏற்றி நின்ற ஒரு வேனுக்கு ஒரு முழம் பின்னால் நிறுத்தினார். நம் சைக்கிளில் பின் சீட்டிலிருந்து ஒன்றும் தெரியாது என்று உனக்குத்தான் தெரியுமே. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முதுகு திடீரென்று விறைத்தது மட்டும்தான்.

நேற்றுக் காலையில் ஓட்ஸ் கஞ்சி குடிக்கும்போது கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, “டோரீன், கர்ட்டுக்கு போன் போடு. வேன் எடுத்துட்டு வரட்டும். இங்கயே முடிச்சுக்கலாம்” என்றார். மீதி இருந்தது வெறும் நாற்பது மைல். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் போன் போட்டிருப்பேன். கோபமே இல்லை, ஏதோ கடையை மூடிவிட்டு வருகிறவர் மாதிரி இருந்தது. இன்றைக்கு இவர் வேனில் ஏறினால் இனி அந்தச் சைக்கிளில் ஏறவே மாட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதனால் நான் முன்னால் உட்கார்கிறேன், நீ பின்னால் வா என்றேன். நீயா என்று கேட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட நான் முன் சீட்டில் உட்கார்ந்ததில்லை என்பது உண்மைதான். ஆனால் நான் சொன்னேன், “இருபத்திரண்டு வருஷம் மழையில பள்ளிக்கூட பஸ் ஓட்டினவ நான். நாப்பது பிள்ளைங்க பின்னாடி இருந்துச்சு. அதுல ஒண்ணுகூட இப்படி முறைச்சதில்ல.” அவர் திருகு சாவியை எடுத்து முன் சீட்டை நாலு விரல் இறக்கினார், பின் சீட்டை ஏற்றினார். இரண்டு காலையும் பெடலிலேயே வைத்திரு, எங்கேயும் கீழே ஊன்றாதே, வண்டியைப் பிடிப்பது என் பொறுப்பு என்று அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவர் என்னிடம் முப்பது வருஷமாகச் சொன்னதைத்தான் சொன்னேன்.

முதல் நூறு கஜம் பாம்பு போவது மாதிரி போனோம், அப்புறம் நேராகிவிட்டது. முன்னால் இருப்பவர் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், நானும் பள்ளம், மேடு, கியர் என்று விடாமல் கத்திக்கொண்டே போனேன். டெல் மாரில் சிவப்பு விளக்கு விழுந்தது. அழகாகப் பிரேக் பிடித்தேன், வண்டி அழகாக நின்றது. நின்றபின் யாராவது காலை ஊன்றுவார்கள் என்று நான் வழக்கம்போல இரண்டு காலையும் பெடலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா நான் சொன்னபடியே இரண்டு காலையும் பெடலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மரம் சாய்கிற மாதிரி மெதுவாக வலது பக்கம் சாய்ந்து, பைகளோடு இருவரும் நடைபாதை ஓரம் விழுந்தோம். காபிக்கடை வாசலில் நாயோடு நின்ற ஓர் அம்மாள் ஓடிவந்து கை கொடுத்தாள். அடி இல்லை என்று தெரிந்ததும், “நாலு காலு இருக்குதே உங்க ரெண்டு பேருக்கும், ஒண்ணைக்கூட இறக்கணும்னு தோணலையா?” என்றாள். கடை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அப்பா கீழே உட்கார்ந்து அந்த மரத்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், எல்லாம் முடிந்தது என்று நினைத்து நானே போனை எடுத்து அவரிடம் நீட்டினேன். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்தார். பிறகு, “யாரைக் கூப்பிட? காலை எடுக்காதேன்னே, எடுக்கல. நான் என் வேலையைச் சரியாத்தான் செஞ்சேன். உன் வேலையை நீ கத்துக்கோ” என்று சொல்லி போனை என் பையிலேயே திரும்பப் போட்டார். மரென், எனக்கு அழுகையே வந்துவிட்டது, விளக்குப் பச்சையானதால் அழ நேரமில்லை.

டோரி பைன்ஸ் ஏற்றத்தில் உன் அப்பாவின் கால் என்ன கால் என்று தெரிந்துகொண்டேன். கையைப் பற்றிய கவலை இல்லாததால் முழு பலத்தையும் மிதிப்பதில் காட்டினார், யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி மேலே போய்ச் சேர்ந்தோம். லா ஹோயா பக்கம் இறங்கும்போதுதான் கஷ்டம். பின்னால் பிரேக் கிடையாது, எதிரே என் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. மெதுவா, மெதுவா என்று அவர் கத்த ஆரம்பித்தார். நான் வேகத்தைக் குறைத்துவிட்டுத்தான் கேட்டேன், முப்பது வருஷமாக நான் இதே மாதிரி கத்தும்போதெல்லாம் நீ என்ன சொல்வாய் என்று. கீழே வந்து சமதரை ஆனபிறகு மெல்லச் சொன்னார், “காத்து இரைச்சல்ல கேக்கலைன்னு சொல்வேன். கேக்கும் டோரீன். எல்லாத் தடவையும் கேட்டுச்சு.” நான் திரும்பிப் பார்க்கவில்லை, முன்னால் இருப்பவர் திரும்பக்கூடாது. சரி என்று மட்டும் சொன்னேன்.

துறைமுகத்தில் சைக்கிளோடு படகில் ஏறிக் கொரனாடோவுக்குப் போனோம், மீன் டாக்கோ சாப்பிட்டோம். அப்புறம் பத்து மைல் மணல்திட்டுப் பாதை, பின்காற்று, வழியெல்லாம் வலது கையாலேயே ஆரஞ்சை உரித்து ஒவ்வொரு சுளையாக முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார். சாலை முடிந்து, எல்லை வேலி கடலுக்குள் இறங்குகிற இடம் கண்ணில் பட்டதும் நிறுத்துகிறேன் என்று கத்தி, பிரேக் பிடித்து, இடது காலை ஊன்றி நின்றேன். முன்பே பேசிவைத்தபடி கர்ட் வேனோடு காத்திருந்தான். என்னை முன்னால் பார்த்ததும் என்ன ஆச்சு என்று பதறினான், டிரைவரை மாற்றிவிட்டேன் என்றார் அப்பா. படம் எடுக்கும்போது கர்ட், “அப்பா, நீங்க முன்னாடி வாங்க, எப்பவும் போல நில்லுங்க” என்றான். அப்பா பின் சீட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். “எப்படி வந்தோமோ அப்படியே எடு” என்றார். படத்தை உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது, அழுத்தம் குறைந்தால் தானாகச் சரியாகலாம் என்று கர்ட்டின் நண்பன் ஒருவன் சொன்னான், ஆனால் அவன் டாக்டரில்லை, நீ சொல்வதைத்தான் கேட்பேன். அப்பாவைத் திட்டாதே, பொய் சொன்னது நான், என்னைத் திட்டு. ரங்கி வண்டியை வேகமாக ஓட்டினால் பயமாக இருக்கிறது என்று சொல், கேட்கவில்லை என்றால் இன்னொரு தடவை சொல். நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் நீண்ட நாள் ஆரோக்கியமாக, ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். செவ்வாய் சாயங்காலம் மறக்காமல் கூப்பிடு. இந்தத் தடவை போனை நேராக அப்பாவிடம் கொடுக்கிறேன், கை எப்படி இருக்கிறதென்று அவரே சொல்வார்.

என்றும் அன்புடன்,
உன் அம்மா
டோரீன்