வீம்புக்குத் தேய்த்த ஜன்னல்

அம்மாடி, இந்தச் சீட்டைக் கையில் எடு, சின்னக் கதை ஒன்று சொல்கிறேன். பாப்பா சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள், பயப்படாதே. கதையில் அரக்கி நான்தான்.

நேற்று நீ, "பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும், பெரியம்மா. அதைச் சுரண்டி எடுக்கிற ஆள் வர்ற வரைக்கும் தொடாதீங்க" என்று சொன்னாய். "ஈயமாவது கீயமாவது!" என்று எகிறினேன். இன்று நீ வேலைக்குப் போனதும் வீம்புக்கு ஜன்னலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். திரும்பிப் பார்த்தால், உன் பாப்பா அந்தத் தூளில் உட்கார்ந்து விரல் சப்பிக்கொண்டிருக்கிறாள்.

அவளைக் குளிப்பாட்டி, ரத்தப் பரிசோதனைக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். கிளினிக்குக்குப் போன் போட்ட கை உனக்குப் போட வரவில்லை. நேரே அங்கே வந்துவிடு. பெயிண்ட் தானாக உதிர்ந்தது என்று டாக்டரிடம் மழுப்ப மாட்டேன்.

அந்த அறைக் கதவைத் திறக்காதே. பெருக்கினால் தூள் பறக்குமாம். ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டுமாம்.

பி.கு.: வாளியில் ஊறுவது அந்தத் தூள் படிந்த என் புடவை. பாப்பா துணியோடு சேர்த்துவிடாதே.

இன்னொன்று: வந்ததும் எல்லோர் முன்னாலும் திட்டு, வாயைத் திறக்க மாட்டேன். உன் அதட்டல் இந்த வீட்டில் என்றைக்கும் ஓயாமல் இருக்கட்டும். அதன் காவலில் நோய்நொடி அண்டாமல் எல்லோரும் நன்றாக இருங்கள்.