நடுவில் பூட்டிய குதிரை

சஃபோக்,
மார்ச் 1918

அன்புள்ள சைலஸுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். உனக்கு வாசித்துக் காட்டும் நர்ஸம்மாவைப் பொறுத்துக்கொள்ளச் சொல்.

போர்முனை விஷப்புகையில் கண் போனவன் வீட்டுக்கு வந்து என்ன செய்ய, லண்டன் விடுதியிலேயே கூடை முடைந்துகொண்டு இருந்துவிடுகிறேன் என்று எழுதச் சொல்லியிருந்தாய். அம்மா அன்று சாப்பிடவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

பண்ணையில் நம் பெண்குதிரை ஜிப்புக்கும் பார்வை போய்விட்டது. நான் காய்ச்சலில் கிடந்தபோது, வடக்கிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த வண்டிக்காரன் ஸ்டெபின்ஸ் அது தெரியாமல் அவளை முன்னால் தலைக்குதிரையாகப் பூட்டியிருக்கிறான். வலப்பக்கம் திரும்ப நாம் ‘வொர்டீ’ என்போம். அவன் தன் ஊர் வழக்கப்படி ‘ஜீ’ என்று அதட்டியிருக்கிறான். அவள் எருவண்டியோடு நேரே குளத்தில் இறங்கிவிட்டாள்.

முதலாளி பாலிங் கொதித்துப்போய், “குருட்டுக் கழுதைக்கெல்லாம் என்னால தீனி போட முடியாது, குதிரை வெட்டுற அறுப்புக்காரனுக்குச் சொல்லி அனுப்பு” என்றார். “ஒரே ஒரு காலைப்பொழுது குடுங்கய்யா” என்று கேட்டேன். மற்ற இரண்டு குதிரைகளில் பௌலரை முன்னால் விட்டு, பின்னால் வண்டித் தண்டுகளுக்கிடையே டைமண்டை நிறுத்தி, நடுவில் ஜிப்பைப் பூட்டினேன். உடம்புக்குதிரை என்போமே, அந்த இடம். முன்னால் இழுப்பவன் போகும் பக்கம் சங்கிலியின் இழுப்பில் தெரியும், பின்னால் வருபவன் மூச்சு கேட்கும். பக்கத்தில் நடந்தபடி ‘வொர்டீ’ என்றேன். காதை ஆட்டிக்கொண்டு வலப்பக்கம் வளைந்தாள் பார், மகாராணி கணக்காக! எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாலிங் கடைசிவரை நின்று பார்த்துவிட்டுப் போனார். அறுப்புக்காரன் இதுவரை வரவில்லை. ஸ்டெபின்ஸ் இப்போது இடப்பக்கத்துக்கு ‘கப்-ஹே’ சொல்லிப் பழகுகிறான். கேட்டால் குதிரையே சிரிக்கும்.

இதை உனக்கு எழுதப்போகிறேன் என்றதும், “பெத்த புள்ளையப் போய்க் குதிரையோட சேத்துப் பேசுறீங்களே, மூளை இருக்கா உங்களுக்கு?” என்று அம்மா சண்டைக்கு வந்தாள். பிறகு உன் மெத்தையை எடுத்து வெயிலில் போட்டாள்.

விதைப்புக்கு ஆள் போதவில்லை. சேணம் துடைக்க, தீனி கலக்க, குதிரைகளோடு பேச்சுக் கொடுக்கக் கண் எதற்கு? ரயிலடிக்கு நானே வண்டி கொண்டு வருகிறேன். எங்கே வளைய வேண்டுமோ அங்கே சொல்லிக்கொண்டே வருவேன். நீ முன்னால் நடக்க வேண்டாம் மகனே. முன்னால் நான் போகிறேன், பின்னால் அம்மா வருவாள். எங்கள் நடுவில் வந்து நில்.

கர்த்தர் உன்னைக் கைபிடித்துக் கூட்டி வரட்டும்.

உன் அப்பா,
ஜோப் தர்லோ