இன்னும் இறங்காத விமானம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே நான் நலம், அத்தை நலம். அம்மாவைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் கட்டிலில் கிடப்பவளுக்குக் கேட்கும் என்பதால் தாளில் எழுதி, மருந்துக்கடைக்காரரிடம் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன். டாக்டர் நேற்றும் வந்தார். எத்தனை நாள் என்று கேட்டேன், வர வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். கேட்டதற்குப் பதில் இல்லை, ஆனால் புரிந்தது. சாவுக்குத்தான் விடுப்பு, சாகக் கிடப்பதற்கு இல்லை என்று உன் மேலாளர் சொன்னதாகச் சொன்னாய். நியாயமான மனிதர், சான்றிதழ் இல்லாத துக்கத்தை அவர் எந்தக் கோப்பில் வைப்பார். உன் மாமாவும் அவர் கட்சிதான். இருப்பது ஒரே விடுப்பு, அதை இப்போதே கரைத்துவிட்டால் எடுக்கிறபோது யார் வருவது என்கிறார். கூடப் பிறந்த அக்கா அடுத்த அறையில் முனகிக்கொண்டிருக்க, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

இதற்கிடையில் நீ திங்கட்கிழமையே விமானம் ஏறிவிட்டாய். ஏற்றிவிட்டது அத்தை. அம்மா சாப்பிட வாயைத் திறக்காமல் படுத்தியதும், "உம் பொண்ணு ஏறிட்டாளாம், அவ வர்றப்ப நீ தெம்பா இருக்க வேணாமா" என்று சொல்லி நாலு கரண்டி ஊட்டிவிட்டாள். அதன் பிறகு அந்த விமானத்தை ஓட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பதினாலாயிரம் கிலோமீட்டர், பதினாறு மணி நேரம். ஆயுசெல்லாம் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளனாக இருந்தவனுக்கு, வண்டி வராததற்குக் காரணம் சொல்லத் தெரியாதா. செவ்வாய்க்கிழமை மூடுபனி என்றேன். புதன்கிழமை நடுவழியில் இறக்கி வேறு விமானம் மாற்றுகிறார்கள் என்றேன். நேற்று இயந்திரக் கோளாறு. டிப்போவில் இதே காரணங்களுக்குப் பயணிகள் என் வம்சத்தையே திட்டியிருக்கிறார்கள். அம்மா திட்டவில்லை, ஒவ்வொரு தடவையும் நாலு கரண்டி சாப்பிட்டாள். அவளுக்குக் கால் வீங்குமே, நீட்டி உட்கார ஓர சீட்டு கேட்டு வாங்கினாளா என்று மட்டும் விசாரித்தாள். வாங்கினாள் என்றேன்.

இன்று காலை எதிர்க்காற்றைப் பற்றி ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்தாள், பிடியில் பலமே இல்லை. "போதுங்க, அதை இறக்கிடுங்க. பாவம், நாலு நாளா பிள்ளைய ஆகாயத்துலயே வச்சிருக்கீங்க." சொல்லிவிட்டு, யாரும் கெஞ்சாமலே வாயைத் திறந்து காட்டினாள். அத்தை கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். நான்தான் ஊட்டினேன்.

ஆகவே மகளே, எடுக்கிற நாளுக்கு நீ வர வேண்டாம். அதற்கு மாமா இருக்கிறார், அந்த வேலையில் கெட்டிக்காரர். அவளுக்குக் கண் தெரியும்போதே வா. மேலாளர் மறுத்தால் அம்மா போய்விட்டாள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பு. அவளிடமே கேட்டுவிட்டேன், தாராளமாகச் சொல்லட்டும் என்றாள். சான்றிதழ் கேட்டால் பின்னால் வரும் என்று சொல். அது பொய்யில்லை.

நல்லபடியாக வந்து சேர், எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு உண்டு. மறக்காமல் ஓர சீட்டு கேட்டு வாங்கு, அம்மா கேட்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா