பட்டன் மேல் ஒட்டிய மாதா

அக்கா,

இன்று காலை ஆபீஸுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழைய மானிட்டரை எடுத்துப்போக வந்தவர் அதன் ஓரத்தில் இருந்த மாதா படத்தை நகத்தால் சுரண்டத் தொடங்கினார். "ஏம்பா, அதுல கை வைக்காதே!" என்று நான் போட்ட சத்தத்தில் மனுஷன் மிரண்டுவிட்டார். உன் தொண்டை எனக்கும் வந்துவிட்டது போல.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் அது. நம் உப்புக் கம்பெனியில் கேட் அருகே எடைமேடையில் நீ. வளாகத்தின் மறுகோடியில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் நான். உன் பிரிண்டரை உப்புக்காற்று என்றோ தின்று தீர்த்திருந்தது. அதனால் ஒவ்வொரு லாரிக்கும் எடையைச் சீட்டில் எழுதிக்கொண்டு, வெயிலில், மூட்டு வலியோடு நீ நடந்து வருவாய். மேனேஜர் ஒருநாள் நேராகவே சொல்லிவிட்டார்: "நடக்க முடியலைன்னா வீட்ல இருங்கம்மா, வேற ஆள் போட்டுக்கறேன்." அன்று மதியம் நீ டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. "வீட்ல உக்காந்தா சுவத்தோடதான்டி பேசணும்" என்றாய்.

மேனேஜரை நச்சரித்துப் பாண்டிச்சேரியிலிருந்து சர்வீஸ்காரரை வரவழைத்தேன். எடை காட்டும் பெட்டியின் முதுகில் கேபிள் செருகும் பழைய சீரியல் போர்ட் ஒன்று இருந்தது. அவர் அதில் உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றை மாட்டி, அங்கிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குக் கேபிள் இழுத்தார். இனி எடை கேபிளிலேயே வந்துவிடும், யாரும் நடக்க வேண்டாம் என்றார். "இது ஓடினா நீங்களே இருங்கம்மா. சாயங்காலத்துக்குள்ள ஓடலைன்னா புது ஆள்தான்" என்றார் மேனேஜர்.

அன்று முழுக்க நம் கத்தல்தான்.

"வந்துச்சாடி?"

"வரலைக்கா!"

சர்வீஸ்காரர் கேபிளை மாற்றினார். வயர்களை இடம் மாற்றிப் போட்டார். தகவல் போகும் வேகத்தைக் கூட்டினார், குறைத்தார். ஒன்றும் வரவில்லை. நான் மாரியாத்தாவை வேண்டினேன், நீ மாதாவை. இரண்டு பேருக்கும் அன்று வேறு வேலை இருந்தது போலும்.

வெயில் சாய்ந்ததும் சர்வீஸ்காரர் பையைக் கட்ட ஆரம்பித்தார். அப்போதுதான் கேட் பக்கமிருந்து உன் அலறல்: "ஐயோ மாதாவே!" பதறி எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். திரையில் லாரியின் எடை!

"வந்துச்சுக்கா! வந்துச்சு!"

கொஞ்ச நேரத்தில் நீயே நொண்டி நொண்டி வந்தாய், கையில் இந்தப் படத்தோடு. பிரிண்டர் போனதிலிருந்து, எடை காட்டும் பெட்டியில் இருக்கும் பிரிண்ட் பட்டனை யாராவது அமுக்கினால் அது விடாமல் கத்துமாம். அந்தத் தொல்லையே வேண்டாமென்று அதன்மேல் மாதாவை ஒட்டிவிட்டாயாம். "மாதா மேல எவன் விரல் வைப்பான்?" உண்மைதான், சர்வீஸ்காரர்கூட வைக்கவில்லை. "பிரிண்ட் பட்டனை அமுக்கினாதாங்க எடையை அனுப்பும். உங்க பெட்டியில அந்தப் பட்டனே இல்லியே" என்று அவர் புலம்பிய பிறகுதான் உனக்கு உறைத்திருக்கிறது; படத்தை உரித்துப் பட்டனை அமுக்கியிருக்கிறாய்.

"இந்த முட்டியோட எதுக்குக்கா நடந்து வந்தே?"

"கண்ணால பாக்க வேணாமா? இதான்டி கடைசி நடை."

என் நாற்காலியில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாய். சிரித்துச் சிரித்து நம் இருவருக்கும் கண்ணில் தண்ணீர். போகும்போது படத்தை என் மானிட்டரில் ஒட்டினாய். "இங்க இருக்கட்டும். இங்க பட்டன் இல்ல."

அதன்பின் உனக்குப் பிடித்தவரை அந்த எடைமேடையில் இருந்தாய். ஆனால் ஒவ்வொரு முறை பட்டனை அமுக்கியதும் "வந்துச்சாடி?" என்று கத்துவதை மட்டும் விடவே இல்லை. அதான் தானா வருதே, எதுக்குக்கா கத்துறே என்றால், "கேட்டா பதில் சொல்லுடி" என்பாய்.

இன்று படத்தைப் பக்குவமாக உரித்துப் புது மானிட்டரில் ஒட்டினேன். முதல் லாரி ஏறியது. இப்போது கேட்டில் இருக்கும் பெண் சத்தமில்லாமல் பட்டனை அமுக்கினாள். எடை திரையில் வந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். "வந்துச்சுக்கா!" என்று கத்தினேன்.